தும்பை என்று கூப்பிட்டுப் பாருங்கள்

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு மழை ராத்திரியில், யாரோ அட்டைப்பெட்டியில் வைத்து எங்கள் தெருமுனையில் விட்டுப்போன நாய்க்குட்டியை வீட்டுக்குத் தூக்கி வந்தோம். பெண் குட்டி. இரண்டரை மாதம் இருக்கும். செம்மண் நிறம், நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு, நான்கு பாதமும் வெள்ளை. பத்தாம் வகுப்புப் படிக்கிற என் மகள் ‘பெல்லா’ என்று வைக்கச் சொல்கிறாள். என் கணவர், ‘மணி என்று வை, போதும்’ என்கிறார். மாமியார், ‘எந்தப் பேரு வேணா வைங்க, சாமி பேரு மட்டும் வேண்டாம்’ என்கிறார். எனக்குப் பொருளுள்ள, அழகான ஒரு தமிழ்ப் பெயர் வைக்க ஆசை. ‘யாழினி’, ‘வெண்ணிலா’ இரண்டும் மனதில் இருக்கின்றன. ஆனால் பக்கத்து வீட்டுக் குழந்தையின் பெயரும் யாழினிதான். அந்த வீட்டு அம்மா நேற்று, ‘பொட்ட நாய்க்கு எதுக்குங்க இவ்வளவு யோசனை?’ என்று கேட்டுவிட்டார். அதிலிருந்து மனசு சரியில்லை. இதுவரை ‘ஏய்’, ‘குட்டி’ என்றுதான் கூப்பிடுகிறோம். வழி சொல்லுங்கள்.
— ஒரு வாசகி, மதுரை

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

பெயருக்கு முன்னால் பக்கத்து வீட்டு அம்மா கேட்டதைப் பேசிவிடுவோம். உங்கள் கடிதத்தில் என் மனதில் தைத்ததும் அதுதான்.

என் கிளினிக்குக்கு வரும் குட்டிகளில் அட்டைப்பெட்டியிலும் சாக்குப்பையிலும் கண்டெடுக்கப்பட்டவை பெரும்பாலும் பெண் குட்டிகள். ஆண் குட்டியை யாராவது கேட்டு வாங்கிப் போய்விடுவார்கள். பெண் என்றால், ‘குட்டி போட்டுக்கிட்டே இருக்கும்’ என்று சொல்லித் தெருவில் விட்டுவிடுவார்கள். அப்படி வருகிறவற்றுக்குத் தடுப்பூசிக் கார்டு எழுதும்போது பெயர் என்ன என்று கேட்டால், கூட வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். பிறகு யாராவது ஒருவர் ‘பப்பின்னு எழுதுங்க’ என்பார். நீங்களோ ஒரு பெயருக்காக மூன்று வாரம் யோசித்து, எனக்குக் கடிதமும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் குட்டி நல்ல வீட்டில்தான் வந்து சேர்ந்திருக்கிறது.

‘பொட்ட நாய்’ என்பது இன்றைக்கு வசைச்சொல்லாகிவிட்டது. ஆனால் தொல்காப்பியத்தின் மரபியலில், எந்த விலங்கின் பெண்ணை எந்தச் சொல்லால் அழைக்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்லியிருக்கிறது. அங்கே பெட்டை என்ற சொல் ஒட்டகம், குதிரை, கழுதை, மரை இவற்றுக்கு உரியது. பெண் நாய்க்கு ‘பிணவு’ என்று பெயர். ‘பாட்டி’ என்ற சொல்லும் உண்டு. நாய்க்குட்டிக்கு ‘குருளை’. புலியின் குட்டிக்கும் அதே சொல்தான். நாயின் குட்டியையும் புலியின் குட்டியையும் ஒரே சொல்லால் அழைத்த மொழி நம்முடையது. தெற்குச் சீமையின் வேட்டை நாய் இனம் ஒன்றுக்குப் பெயரே ‘கன்னி’. அடுத்த முறை அவர் கேட்டால் சண்டை வேண்டாம். இதைச் சொல்லுங்கள், இன்னொரு கதையும் இருக்கிறது, அதைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

சரி, பெயருக்கு வருவோம்.

மனிதருக்குப் பெயர் வைக்கும்போது அது எழுத்தில் எப்படி இருக்கும், அழைப்பிதழில் எப்படி இருக்கும் என்றெல்லாம் பார்க்கிறோம். நாய்க்கு வைக்கும் பெயர் முழுக்க முழுக்கக் கூப்பிடுவதற்கு. தமிழ் இலக்கணத்தில் கூப்பிடுவதற்கென்றே ஒரு வேற்றுமை இருக்கிறது, எட்டாவதான விளி வேற்றுமை. கூப்பிடும்போது பெயரின் கடைசி ஓசை மாறும். செம்பி என்ற பெயர் கேட்டில் நின்று கூப்பிடும்போது ‘செம்பீ’ என்று நீளும். முல்லை ‘முல்லே’ ஆகும். உங்கள் குட்டியின் காதில் அதன் ஆயுள் முழுக்க விழப்போவது இந்த நீண்ட வடிவம்தான். அதனால் உயிர் ஓசையில் முடிகிற பெயர் நல்லது. ‘குறிஞ்சி’ தெருமுனை வரை போய்ச் சேரும். ‘ஆம்பல்’, ‘அனிச்சம்’ போன்றவை அருமையான பெயர்கள்தான், ஆனால் கடைசியில் நாக்கோ உதடோ ஓசையை அடைத்துவிடுகிறது.

அடுத்தது நீளம். நாய் பயிற்சி தருகிறவர்கள் எல்லாரும் இரண்டு அசையில் பெயர் வையுங்கள் என்பார்கள். உங்கள் மகள் பத்தாம் வகுப்பு அல்லவா, இந்த வேலையை அவளிடம் கொடுங்கள். அலகிடுதல், அதாவது சொல்லை நேர், நிரை என்று அசை பிரிப்பது, அவளுக்குத் தெரிந்திருக்கும். நம் ஊரில் காலங்காலமாக நாய்களுக்கு வைத்த பெயர்களை அலகிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஜிம்மி: நேர் நேர். டாமி: நேர் நேர். ரோஸி, பப்பி எல்லாமே நேர் நேர். நேர் நேர் என்று வந்தால் அதன் வாய்பாடு தேமா. இலக்கணம் பார்த்து யாரும் இந்தப் பெயர்களை வைக்கவில்லை, கூப்பிட்டுக் கூப்பிட்டு எது வாய்க்கு வருகிறதோ, எதற்கு நாய் திரும்புகிறதோ அது நிலைத்துவிட்டது. அவள் ஆசைப்படுகிற பெல்லாவும் தேமாதான். அந்தப் பெயர் அவளுக்கு ஏன் பிடித்தது என்று இப்போது உங்களுக்கே புரியும். இத்தாலிய மொழியில் அதற்கு அழகி என்று பொருள். தவறான தேர்வு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வாரத்துக்கு ஒரு பெல்லாவாவது என் மேஜை மீது ஏறுகிறாள்.

நீங்கள் நினைத்த இரண்டு பெயர்களும் கூவிளம், அதாவது நேர் நிரை. வெண், ணிலா. யா, ழினி. இலக்கணப்படி அசை இரண்டுதான், ஆனால் நிரையில் இரண்டு ஓசை இருப்பதால் காதில் மூன்று ஓசையாக விழும். இப்படிப்பட்ட பெயர் நாளடைவில் வாயில் தேய்ந்துவிடும். வெண்ணிலா ‘நிலா’ ஆகிவிடும். நிலா நல்ல பெயர், ஆனால் நாயிடம் நாம் அடிக்கடி சொல்லப்போகிற ஒரு சொல் ‘நில்லு’. கேட் திறந்திருக்கிறது, அது தெருவுக்குப் பாய்கிறது, நீங்கள் பதறி ‘நில்லு’ என்று கத்துகிறீர்கள். இரண்டும் ஒரே ஓசையில் தொடங்கினால் குட்டி குழம்பும். இதே காரணத்துக்காக ‘வேணி’ என்ற பெயரையும் தவிர்க்கச் சொல்வேன், ‘வேணாம்’ என்பதோடு அது மோதும். வா, போ, இரு, உட்காரு, வேணாம், நில்லு: வீட்டில் நீங்கள் சொல்லப்போகிற கட்டளைகளை ஒரு தாளில் எழுதி, பெயரை அவற்றின் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள்.

யாழினி வேண்டாம். அந்தக் குழந்தையை அவள் அம்மா ‘யாழினி, உள்ளே வா’ என்று கூப்பிடும்போது உங்கள் வீட்டில் ஒருத்தி காதைத் தூக்குவாள். அதைவிட முக்கியம், நீங்கள் ‘யாழினி, அதைக் கீழே போடு’ என்று சொல்வது அந்தக் குழந்தையின் காதில் விழும். தெருவில், உறவில், அலுவலகத்தில் நமக்குத் தெரிந்த யாருடைய பெயரையும் நாய்க்கு வைக்காமல் இருப்பது மரியாதை. நமக்கு அது அன்பாகத் தோன்றலாம், அவர்களுக்கு அப்படித் தோன்றாது.

மாமியார் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. பசு மாட்டுக்கு லட்சுமி என்று பெயர் வைக்கிறோமே, நாய்க்கு ஏன் கூடாது என்று உங்கள் மகள் கேட்கலாம். நாயிடம் ஒரு நாளைக்குப் பத்து முறை ‘வெளியே போ’ என்று சொல்ல வேண்டி வரும். விளக்கு வைக்கிற நேரத்தில் ‘லட்சுமி, வெளியே போ’ என்ற வார்த்தை ஒரு வீட்டில் கேட்டால் பெரியவர்கள் மனம் சங்கடப்படத்தான் செய்யும். ஆனால் அவரிடம் ஒன்று சொல்லுங்கள். ரிக் வேதத்தில் தேவர்களுக்கு ஒரு பெண் நாய் உண்டு. பணிகள் என்பவர்கள் மாடுகளைக் கவர்ந்து ஒளித்து வைத்தபோது, இந்திரன் தூது அனுப்பியது அவளைத்தான். அவள் பெயர் சரமா. தேவலோகத்துப் பெண் நாய்க்கே ஒரு பெயர் இருந்திருக்கிறது. சரமா என்று வைத்தாலும் எனக்குச் சம்மதமே. அது புளிமா, நிரை நேர். மூன்று ஓசைதான், ஆனாலும் நீண்ட உயிர் ஓசையில் முடிவதால் கூப்பிட வசதி.

‘மணி’யை உங்கள் கணவர் சும்மா சொல்லவில்லை என்று நினைக்கிறேன். தமிழ்நாட்டில் நாய் என்றாலே மணி என்று வாயில் வரும். ஆண், பெண் பார்க்காத பெயர். மாணிக்கத்தையும் குறிக்கும், கோயில் மணியையும் குறிக்கும். சின்ன வயதில் அவர் வீட்டில் ஒரு மணி இருந்திருக்கலாம், கேட்டுப் பாருங்கள். இருந்திருந்தால் அந்தக் கதையை உட்கார்ந்து கேளுங்கள். ஆனால் அந்தப் பெயரை இந்தக் குட்டிக்கு வைக்க வேண்டாம். ஒரு நாயின் நினைவை இன்னொரு நாய் சுமப்பது பெரும்பாலும் சரிவருவதில்லை. புதுக்குட்டி என்ன செய்தாலும் பழையதோடு ஒப்பிட்டுக்கொண்டே இருப்போம். அப்புறம், உங்கள் தெருவிலேயே இரண்டு மணியாவது இருக்கும்.

பொருளுள்ள பெயர் வேண்டும் என்கிறீர்கள். பொருளை அகராதியில் தேடும் முன் குட்டியைப் பாருங்கள். நம் கிராமங்களில் மாட்டுக்குப் பெயர் சொல்லும் முறை அப்படித்தான். காங்கேயம் மாடுகளை மயிலை, செவலை, காரி, பிள்ளை என்று நிறத்தை வைத்தே அழைப்பார்கள். நாயிலும் செவலை உண்டு, வெள்ளச்சி உண்டு. பார்த்தவுடன் யாருக்கும் புரிகிற பெயர்கள். உங்கள் குட்டிக்குச் செம்மண் நிறம். ‘செம்பி’ பொருந்தும். நெற்றிப் பொட்டை நினைத்தால் ‘பொட்டு’ என்றே வைக்கலாம். உங்கள் மாமியார் ஒரே நாளில் பழகிவிடுவார்.

பூக்களின் பக்கம் போனால் நம் மொழியில் பஞ்சமே இல்லை. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்களை அடுக்கியிருக்கிறார். காந்தள், குவளை, வெட்சி, வாகை, கொன்றை என்று போகும் அந்தப் பட்டியலை வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து ஒருமுறை சத்தம் போட்டுப் படியுங்கள். அதில் ‘தேமா’ என்ற பெயரே வருகிறது. தித்திக்கும் மாமரம் என்று பொருள், அலகிட்டாலும் தேமா. ‘வாகை’ வெற்றிக்கு உரிய பூ, மழையில் பெட்டிக்குள் கிடந்து பிழைத்த குட்டிக்கு அதுவும் தகும்.

ஆனால் என்னைக் கேட்டால், உங்கள் கடிதத்தைப் படித்தவுடன் என் மனதில் வந்த பெயர் ‘தும்பை’. நான்கு பாதமும் வெள்ளை என்று எழுதியிருந்தீர்கள். தும்பைப் பூவைப் போல வெள்ளை என்பதைவிட வெள்ளைக்கு ஒரு சொல் நம்மிடம் இல்லை. யாரும் நட்டு வளர்க்காத செடி. மழை பெய்தால் வேலியோரத்திலும் வரப்பிலும் தானாக முளைத்து நிற்கும். உங்கள் குட்டியும் அப்படித்தானே வந்தாள்? போருக்குப் போகும் வீரர்கள் சூடியதும் அந்தப் பூதான், சிவனுக்குச் சாத்துவதும் அதுதான். சாமியின் பெயர் இல்லை, ஆனால் சாமிக்கு உகந்த பூ என்றால் மாமியாரும் மறுக்கமாட்டார். ஓசையிலும் நன்றாக இருக்கிறது. உதடு மூடித் திறக்கும் ‘ம்பை’ சத்தம் காதில் அழுத்தமாக விழும், கூப்பிடும்போது ‘தும்பே’ என்று இழுக்கவும் வரும், நீங்கள் சொல்லப்போகிற எந்தக் கட்டளையோடும் மோதவில்லை.

முடிவு செய்யும் முன் ஒரு சோதனை. வீட்டில் நாலு பேரும் ஒவ்வொருவராகக் கேட்டுக்குப் போய், தெரு கேட்க அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். முக்கியமாக உங்கள் கணவர். ராத்திரி பத்து மணிக்கு அவள் கேட்டைத் தாண்டி ஓடினால் தேடிப் போகப்போகிறவர் அநேகமாக அவர்தான். ஒருவருக்குக் கூச்சமாக இருந்தாலும் அந்தப் பெயர் வேண்டாம், அடுத்ததைப் பாருங்கள். நாட்டு நாய் நல்லபடியாக வளர்ந்தால் பன்னிரண்டு, பதினான்கு வருடம் உங்களோடு இருக்கும். அதற்குள் உங்கள் மகள் வேலைக்குப் போய், லீவுக்கு வீட்டுக்கு வருகிறவளாகியிருப்பாள். அப்போதும் வாசலில் நின்று அவள் கூப்பிடப்போகிற பெயர் இது.

பெயர் வைத்தபின் அதை எப்படிப் பழக்குவது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லிவிடுகிறேன், பலரும் பிசகுவது இங்கேதான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு ராஜபாளையம் பெண் நாயை என்னிடம் கொண்டுவந்தார்கள். அருமையான பெயர் வைத்திருந்தார்கள், பொருளும் ஆழமானது. நான் அந்தப் பெயரைச் சொன்னவுடன் அவள் வாலை ஒடுக்கிக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் போய்விட்டாள். வெளியே வரவே அரை மணி நேரம் ஆயிற்று. விசாரித்தால், செருப்பைக் கடித்தாலும் தரையை ஈரமாக்கினாலும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் அதட்டியிருக்கிறார்கள். அடி விழும் முன் வரும் சத்தம் என்பதுதான் அவளைப் பொறுத்தவரை அந்தப் பெயருக்குப் பொருள். கடைசியில் வேறு பெயர் வைத்துப் புதிதாகத் தொடங்கச் சொன்னேன். இரண்டு மாதம் கழித்து, வாலை ஆட்டிக்கொண்டு உள்ளே வந்தாள்.

அதனால் முதல் பத்து நாள் இப்படிச் செய்யுங்கள். அவள் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருக்கும்போது, மெல்லிய குரலில் ஒரே ஒருமுறை பெயரைச் சொல்லுங்கள். திரும்பிப் பார்த்த அடுத்த நொடி, வேகவைத்த கோழித்துண்டோ, இட்லி விள்ளலோ விரல்நுனி அளவு கொடுங்கள். வெங்காயம் சேர்ந்த எதுவும் வேண்டாம், நாய்க்கு அது விஷம். ஒரு வேளைக்கு ஏழெட்டு முறை போதும். திரும்பவில்லை என்றால் ‘தும்பை தும்பை தும்பை’ என்று அடுக்காதீர்கள், மூன்று முறை சொன்னால்தான் அது தன் பெயர் என்று நினைத்துக்கொள்வாள். கிட்டே போய் மறுபடி ஒருமுறை சொல்லுங்கள். குளிப்பாட்டவும் மருந்து கொடுக்கவும் பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள், நீங்களே போய்த் தூக்கி வாருங்கள். அதட்ட வேண்டும் என்றால் ‘வேணாம்’ என்ற சொல் இருக்கிறது, பெயரை அதில் இழுக்க வேண்டாம். ‘ஏய்’ என்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். ‘குட்டி’ என்று மாமியார் கொஞ்சுவது இருக்கட்டும், அதனால் கெடுதல் இல்லை.

(பூனை வளர்ப்பவர்களும் இதைப் படிப்பார்கள். பூனைக்குப் பெயர் தெரியாது என்று பலர் நினைக்கிறார்கள். ஜப்பான் ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டுப் பூனைகள் அதே ஓசை நீளமுள்ள மற்ற சொற்களிலிருந்து தங்கள் பெயரைப் பிரித்தறிவது தெரியவந்தது. வருவதும் வராததும் அவற்றின் விருப்பம். பூனைக்கு நம் பழைய சொல் ‘பூசை’. அதுவே எவ்வளவு அழகான பெயர்!)

இப்போது பக்கத்து வீட்டு அம்மாவுக்கான கதை. 1957 நவம்பர் 3 அன்று சோவியத் நாடு ஸ்புட்னிக் 2 விண்கலத்தை ஏவியது. பூமியைச் சுற்றி வந்த முதல் விலங்கு அதில்தான் போனது. அது மாஸ்கோ தெருவில் பிடித்த ஒரு பெண் நாய். பசியும் குளிரும் பழகிய உடம்பு என்று தெருநாய்களைத் தேர்ந்தெடுத்தார்கள். காலைத் தூக்காமல் சிறுநீர் கழிப்பதால் கருவி பொருத்துவது எளிது என்று பெண் நாய்களாகப் பார்த்து எடுத்தார்கள். முதலில் அவளுக்குச் சுருட்டை முடிக்காரி என்ற பொருளில் ‘குத்ரியாவ்கா’ என்று பெயர். பிறகு ‘லைகா’ ஆனாள், குரைப்பவள் என்று பொருள். அவளைத் திரும்பக் கொண்டுவர ஏற்பாடே செய்யவில்லை. போன சில மணி நேரத்திலேயே வெப்பம் தாங்காமல் இறந்தாள். இதை எழுதும்போது இப்போதும் எனக்கு நெஞ்சு கனக்கிறது. 1960 ஆகஸ்டில் போன பெல்காவும் ஸ்திரெல்காவும் உயிரோடு திரும்பினார்கள், அவர்களும் பெண் நாய்கள்தான். ஸ்திரெல்கா பிறகு ஈன்ற குட்டிகளில் ஒன்று அமெரிக்க அதிபர் கென்னடியின் வீட்டுக்குப் பரிசாகப் போனது. ‘புஷின்கா’ என்று அதற்குப் பெயர். அந்த விண்கலங்களை வடிவமைத்த பொறியாளர்களில் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்? லைகாவின் பெயர் எல்லாருக்கும் தெரியும்.

கடைசியாக என் தொழில் சம்பந்தப்பட்ட இரண்டு விஷயம். குட்டிக்கு மூன்று மாதம் நெருங்குகிறது, ரேபிஸ் தடுப்பூசி போட வேண்டிய காலம். மற்ற தடுப்பூசிகள் இன்னும் தொடங்கவில்லை என்றால் இந்த வாரமே பக்கத்தில் உள்ள கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். ஆறு மாத வாக்கில் கருத்தடை அறுவை சிகிச்சை பற்றியும் அவரிடம் பேசுங்கள். ‘குட்டி போட்டுக்கிட்டே இருக்கும்’ என்ற பயத்துக்கு முடிவு அது. பிற்காலத்தில் பெண் நாய்களுக்கு வரும் கருப்பைச் சீழ் நோயிலிருந்தும் அது காப்பாற்றும்.

ஊசி போடப் போகும்போது கார்டில் பெயர் இருக்கும் இடத்தைக் காலியாக விடாதீர்கள். உங்கள் மகளே தன் கையெழுத்தில் எழுதட்டும். தும்பையோ, செம்பியோ, பொட்டோ, என்ன பெயர் ஏறியது என்று எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். அடுத்த முறை உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுதும்போது அவளைப் பெயர் சொல்லி விசாரிக்க வேண்டும்.